அனுமதி பெற்ற விளையாட்டு

அரசாங்க எழுத்துப் போட்ட வெள்ளை வாகனம் ஒன்று கல்முனைக்குடியின் ஒழுங்கைக்குள் திரும்பினால், அங்கே குடியிருக்கிற ஒவ்வொருவரும் தான் செய்த பிழையை ஒரு தரம் மனத்துக்குள் புரட்டிப் பார்ப்பார்கள். மதிலை வீதிப் பக்கம் அரை அடி தள்ளிக் கட்டியவர் வீட்டுக்குள் போய்விடுவார். தண்ணீர்க் குழாயில் மோட்டரைப் பூட்டி இழுக்கிறவர் மோட்டரை நிறுத்துவார். வாகனம் தங்கள் வாசலைக் கடந்ததும் அதே ஆட்கள் வெளியே வந்து, அது யார் வீட்டில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். அன்று அது றிஸ்னாவின் வீட்டு வாசலில் நின்றது.

றிஸ்னாவுக்குத் தன் பிழை எதுவென்று பிடிபடவில்லை. அவள் செய்ததெல்லாம் பிள்ளை பார்த்ததுதான். காலையில் வேலைக்குப் போகிற தாய்மார் பத்துப் பன்னிரண்டு பேர் தங்கள் பிள்ளைகளை அவள் வீட்டு விறாந்தையில் விட்டுப் போவார்கள். ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிற றுமைஸா தன் மகள் ஹனாவை விடுவாள். பாண்டிருப்பிலிருந்து வங்கி வேலைக்கு வருகிற சுஜித்தா தன் மகன் பவிதரனை விடுவாள். மீன் வியாபாரியின் மகன் அக்ரம் யாரும் கொண்டுவந்து விடாமலே வந்துவிடுவான். முற்றத்தில் ஒரு குவியல் கடல் மணல், கொஞ்சம் சிரட்டை, பால்மாத் தகரப் பேணிகள், மருதமுனை நெசவுக்காரர்கள் வெட்டி எறிந்த துணித் துண்டுகள் கிடந்தன. அதை றிஸ்னா கல்வி என்று ஒருநாளும் சொன்னதில்லை. கலியாணம் முடித்துப் பத்து வருசமாகியும் அவளுக்குப் பிள்ளையில்லை. பிள்ளைகள் இல்லாத நேரத்தில் அந்த வீடு அவளுக்குப் பிடிப்பதில்லை, அவ்வளவுதான்.

வாகனத்திலிருந்து இறங்கியவர் மழலையர் விளையாட்டு ஒழுங்குபடுத்தும் பணியகத்தின் உதவிப் பணிப்பாளர் மீராமுகைதீன். பின்னால் ஒரு கடதாசிக் கோவையை நெஞ்சோடு அணைத்தபடி வினோஜா என்ற உத்தியோகத்தர் இறங்கினாள். காரைதீவுப் பிள்ளை, வேலைக்கு வந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு மீராமுகைதீன் உள்ளே வந்து, விறாந்தையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"இங்கே என்ன நடக்கிறது?"

"புள்ளயள் விளையாடுதுகள் சேர்."

"அதை நீங்கள் சொல்லக்கூடாது. அதை நாங்கள்தான் சொல்ல வேண்டும்."

றிஸ்னா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். மீராமுகைதீன் கதிரையில் அமர்ந்து, எதிரே நூறு பேர் இருப்பதுபோலக் குரலைச் சரிப்படுத்திக்கொண்டார். வீட்டில் எப்படியோ தெரியாது, வெளியே அவர் எழுதி வைத்ததை வாசிப்பதுபோலத்தான் கதைப்பார்.

"விளையாட்டின் மூலம் கற்றல் என்பது இப்போது எங்கள் பணியகத்தின் கொள்கை. இதுவரை காலமும் பிள்ளைகள் தங்கள் பாட்டில் விளையாடி வந்தார்கள். மேற்பார்வை இல்லை, நோக்கம் இல்லை, ஆரம்பம் இல்லை, முடிவு இல்லை. அந்த நிலைமையை நாங்கள் படிப்படியாக ஒழித்துக்கொண்டு வருகிறோம்."

முற்றத்தில் அக்ரம் ஒரு பலகையின் முன்னால் குந்தியிருந்து மீன் விற்றுக்கொண்டிருந்தான். பாரை, பாரை, பச்சப் பாரை என்று தன் வாப்பாவின் குரலிலேயே கூவினான். மீராமுகைதீன் எழுந்து அவனிடம் போனார்.

"தம்பி, நீ இப்போது என்ன கற்றுக்கொண்டிருக்கிறாய்?"

"மீன் விக்கிறன்."

"என்ன நோக்கத்துக்காக?"

அக்ரம் அவரை மேலும் கீழும் பார்த்தான். வாங்குகிற ஆளா, விலை மட்டும் கேட்கிற ஆளா என்று மட்டுக்கட்டுகிற பார்வை அது. "விக்கத்தான்" என்றான்.

"பிள்ளை கேள்வியைத் தவிர்க்கிறது. எழுதுங்கள்" என்றார் மீராமுகைதீன். வினோஜா எழுதினாள். "இவ்வளவு சந்தோசமாக இருக்கிறானே, இது யாரும் சொல்லிக் கொடுத்ததாக இருக்குமோ? எனக்கு இதில் ஒரு சந்தேகம் இருக்கிறது."

அப்போதுதான் றிஸ்னா பலகையைப் பார்த்தாள். அதில் கிடந்த பாரை மீன் கறுப்பு நிறத்தில், நன்றாகப் பொலிஷ் போட்டு, நாடாவோடு இருந்தது. அவள் பதைத்துப்போய் முற்றத்தில் இறங்கினாள்.

"சேர், ஒரு விசயம், அந்த மீன்..."

"குறுக்கிடாதீர்கள்" என்று மீராமுகைதீன் கையை உயர்த்தினார். "விதி ஏழு. பிள்ளை தொடங்கிய விளையாட்டைப் பிள்ளையே முடிக்கும் வரை எந்தப் பெரிய ஆளும் நிறுத்தக்கூடாது. பிள்ளை அழைத்தால் போய்ச் சேர வேண்டும். அழைக்காவிட்டால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இந்த விதிக்காக நான் கொழும்பில் மூன்று கூட்டத்தில் வாதாடியிருக்கிறேன்."

ஆகவே எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹனா மீனை வாங்கினாள். பீலியடிக்குக் கொண்டுபோய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினாள். சிரட்டை ஓட்டால் செதில் சுரண்டினாள். பவிதரன் நாடாவைப் பிடித்து இழுத்துக் குடல் எடுத்துக் கொடுத்தான். மணலை மிளகாய்த்தூளாகப் போட்டுப் பேணியில் அடைத்து, தீயில்லாத கல் அடுப்பில் ஏற்றினார்கள். உதவிப் பணிப்பாளர் அதை மிகவும் கவனமாகப் பார்த்து, கூட்டு முயற்சி திருப்திகரம் என்று எழுதச் சொன்னார். பிறகு போவதற்காக வாசலுக்கு வந்தவர், அங்கே ஒரு சப்பாத்து மட்டும் இருப்பதைக் கண்டார்.

அவர் திரும்பி முற்றத்து அடுப்பைப் பார்த்தார். பிறகு ஹனாவிடம் வந்து குனிந்து, தாழ்ந்த குரலில், "மகள், மீன் எப்ப வேகும்?" என்று கேட்டார்.

"இன்னம் நேரம் இரிக்கி" என்றாள் ஹனா, மூடியைத் திறக்காமலே.

ஒற்றைச் சப்பாத்தோடு வாகனத்தில் ஏறுவதற்கு முன்னால் அவர் தன் தீர்மானத்தை அறிவித்தார். பணியகம் வெளியிட்ட கைந்நூலில் பன்னிரண்டு விளையாட்டுகள் அனுமதி பெற்றவை. ஒரு மாதம் கழித்து அவர் திரும்பவும் வருவார். அப்போது அந்தப் பன்னிரண்டில் ஒன்று இங்கே நடந்துகொண்டிருக்க வேண்டும்.

"நடந்துகொண்டிருந்தால் ஒருவரும் உங்களைத் தொட முடியாது. விளையாட்டு நடக்கிற இடத்துக்குச் சீல் வைக்க எனக்கே அதிகாரம் இல்லை. நடக்காவிட்டால் அன்றைக்கே கேட்டில் பூட்டு விழும். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அடுத்த வீட்டுப் பிள்ளை ஒன்று நின்று தும்மினாலும் சட்டப்படி குற்றம்."

வாகனம் போனது. வெந்த மீனைப் பொழுதுபட றஸ்மி கொண்டுபோய் அந்த வாகனத்துச் சாரதியிடம் கொடுத்துவிட்டு வந்தான். றஸ்மி றிஸ்னாவின் புருசன், ஓட்டோ ஓட்டுகிறவன்.

"ஆரோ பெட்டிசம் போட்டிரிக்காங்க" என்றான் அவன் வந்ததும் வராததுமாக. "இல்லாட்டி இத்தின ஊட்டுக்குள்ள நம்மட ஊட்டத் தேடி ஏன் வாறான்?"

அந்த ஒரு பேச்சுப் போதுமாக இருந்தது. பேர் போடாமல் எழுதுகிற மொட்டைப் பெட்டிசம் எங்கள் பக்கத்தில் பழைய வியாதி. ஒருவர் வீட்டுக்கு மேல்மாடி எழும்பினால் மற்றவர் கைக்குப் பேனை வந்துவிடும். றிஸ்னாவுக்கு அன்றிலிருந்து எல்லோர் முகத்திலும் பேனை தெரிந்தது. ஒழுங்கையில் இருந்தவர்களுக்கோ வேறு சந்தேகம். அரசாங்க வாகனம் வந்ததென்றால் றிஸ்னாவுக்கு காசு வருகிற ஏதோ புரொஜெக்ட் கிடைத்திருக்கிறது, அதைத்தான் மறைக்கிறாள் என்றார்கள். அவள் ஒன்றும் இல்லை என்று சொல்லச் சொல்லப் புரொஜெக்ட் பெரிதாகிக்கொண்டே போனது. வியாழக்கிழமை அளவில் அது ஒரு வெளிநாட்டுக்காரனின் புரொஜெக்டாகி, வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல் பயானில் சாடையாகக் குத்துகிற அளவுக்கு வந்துவிட்டது.

தாய்மாரில் யார்? சுஜித்தாவாக இருக்குமா? அவள் எதையும் முகத்துக்கு நேரே சொல்கிற ஆள், பெட்டிசம் எழுதப் பொறுமை கிடையாது. அக்ரமின் உம்மாவுக்கு எழுதவே தெரியாது. அப்படி ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டு வந்தபோது றுமைஸா மிஞ்சினாள். றுமைஸா போன மாதம் ஒருநாள், "ஹனாக்கு ஏ பி சி டி ஒண்டும் சொல்லிக் குடுக்கிறல்லயா ராத்தா?" என்று கேட்டது றிஸ்னாவின் ஞாபகத்தில் வந்து குந்திக்கொண்டது.

அடுத்த நாள் காலையில் றுமைஸா வெள்ளை உடுப்போடு அவசரமாக ஹனாவை இறக்கிவிட்டபோது, றிஸ்னா கேட்டுவிட்டாள். நேரே கேட்கவில்லை. "ஏதும் குறையெண்டா எனக்கிட்டச் செல்லியிருக்கலாம்தானே றுமைஸா, ஒபிஸுக்கு எழுதத் தேவல்லையே" என்றாள்.

றுமைஸாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் கறுத்துப்போனது. அவளுடைய புருசன் கட்டாரில், உம்மா மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டா. ஹனாவைப் பார்க்க இந்த வீட்டை விட்டால் ஆளில்லை. இந்த வீட்டைப் பூட்டினால் முதலில் வேலையை விடவேண்டியவள் அவள்தான். அதையெல்லாம் அவள் சொல்லவில்லை. "வா ஹனா, நாம போவம்" என்று மட்டும் சொல்லிப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் கிழமையே பயிற்சிப் பட்டறைக்கு வரச்சொல்லி றிஸ்னாவுக்கு அழைப்பு வந்தது. கல்முனை பசாரில் ஒரு சீமேந்துக் கடைக்கு மேலே பணியகத்தின் மண்டபம். வீட்டில் பிள்ளை பார்க்கிற பெண்கள் முப்பது பேர் நிந்தவூர் தொடக்கம் மருதமுனை வரைக்கும் வந்து, கறுப்பு அபாயாக்களோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மீராமுகைதீன் காலையில் ஒலிவாங்கியைப் பிடித்தவர், பகல் லுஹர் பாங்கு சொல்லும்வரை விடவில்லை. நீண்ட நேரம் ஒருவர் பேச மற்றவர்கள் அசையாமல் கேட்டுக்கொண்டிருப்பது மனித மூளைக்கு எவ்வளவு கெடுதல் என்பதைத்தான் அவர் அவ்வளவு நேரமும் விளக்கினார். இடையில் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்ததற்கு எழுப்பி நிற்க வைத்தார்.

மேடைக்குப் பக்கத்தில் கண்ணாடி அலுமாரி ஒன்றில் மரத்தால் செய்த விளையாட்டுச் சாமான்கள் வடிவாக அடுக்கியிருந்தன. நிந்தவூரிலிருந்து வந்த சபியா உம்மாவுக்கு ஆசை தாங்கவில்லை.

"சேர், அதில ஒண்ட எடுத்துப் பாக்கலாமா?"

"எடுக்க முடியாது. கணக்காய்வு இருக்கிறது. அது விளையாடுவதற்கு உரியதல்ல, விளையாட்டுக்கு முன்மாதிரி."

"அப்ப புள்ளயள் எதால விளையாடுற?"

"பிள்ளைகள் கற்பனையால் விளையாட வேண்டும். அதற்கான சுற்றறிக்கை அடுத்த மாதம் வரும்."

பிறகு எல்லோருக்கும் கைந்நூல் கொடுத்தார்கள். அதை எங்கேயோ குளிர் நாட்டில் எழுதி, இங்கே யாரோ அவசரத்தில் தமிழாக்கியிருந்தார்கள். முதலாம் விளையாட்டு பனிமனிதன் செய்தல். பனி கிடைக்காத பிரதேசங்களில் மாவட்டச் செயலாளரின் அனுமதியுடன் பஞ்சு பாவிக்கலாம் என்று அடிக்குறிப்பு இருந்தது. இரண்டாவது காட்டில் காளான் தேடுதல். மூன்றாவது கம்பளிக் கையுறைகளைச் சோடி சேர்த்தல். நான்காவது குடும்ப விளையாட்டு: அப்பா மனைவியையும் பிள்ளைகளையும் தன் வீட்டுக்கு அழைத்து வருகிறார், வாருங்கள், இது என் வீடு என்கிறார், அனைவரும் மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். இதுதான் பஞ்சு தேவைப்படாத விளையாட்டு என்று றிஸ்னா நான்காவதைப் பிடித்துக்கொண்டாள்.

தேத்தண்ணி நேரத்தில் வினோஜா பற்றீஸ் பெட்டியோடு அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். சேர் தூரத்தில் நிற்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அக்கா, ஆர் பெட்டிசம் போட்டது எண்டு நீங்க விசாரிச்சுத் திரியிறதாக் கேள்விப்பட்டன். ஒருத்தரும் போடல்ல. அண்டைக்குச் சாப்பாட்டு நேரத்துக்கு முதல் ஏதாவது ஒரு வீடு பாத்தாகணும் எண்டு சேர் சொன்னவர். உங்கட கேட்டடியில வேப்பமரம் நிக்குதுதானே. டிரைவர் நிழல் பாத்து நிப்பாட்டினவர், அவ்வளவுதான்."

றிஸ்னா கையிலிருந்த பற்றீஸைக் கீழே வைத்தாள். ஒரு மர நிழலுக்காகவா அவள் றுமைஸாவின் முகத்தைக் கறுக்கப் பண்ணினாள்? பட்டறை முடியும்வரை காத்திராமல் ஓட்டோ பிடித்து நேரே றுமைஸாவின் வீட்டுக்குப் போனாள். கேட்டடியில் நின்று சலாம் சொன்னாள். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது, பதில் வரவில்லை. கூப்பிடாமல் அடுத்தவர் வீட்டுக்குள் போகிற பழக்கம் றிஸ்னாவுக்கு இல்லை. வெயிலில் நின்றாள். வெட்கமாகவும் அழுகையாகவும் வந்தது. ஒருதரம் திரும்பிப் போய்விடுவோமா என்றுகூட நினைத்தாள்.

கடைசியில் ஹனாதான் ஓடிவந்து கேட்டின் கம்பிகளுக்குள்ளால் எட்டிப் பார்த்தாள். "உம்மா இன்னம் கூப்பிடச் செல்லல்ல சாச்சி. கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். திரும்பவும் வந்தாள். "இப்ப வாங்க."

உள்ளே இரண்டு பெண்களும் கொஞ்சம் அழுதார்கள். அதற்கப்பால் அது பற்றிக் கதைக்கவில்லை. அடுத்த நாள் ஹனா வந்துவிட்டாள்.

ஒத்திகை தொடங்கியது. அக்ரம்தான் அப்பா. பவிதரனும் மற்றவர்களும் பிள்ளைகள். ஹனா மனைவி. அப்பா என்ற சொல் அக்ரமுக்குப் பிடிக்காததால் வாப்பா என்று மாற்றினார்கள், அதற்கு அனுமதி எடுக்க வேண்டுமோ என்று றிஸ்னா பயந்தாள். கதிரை நான்கை அடுக்கித் துணி போட்டு வீடு கட்டியாயிற்று. அக்ரம் வாசலில் நின்று சொல்ல வேண்டியது ஒரு வசனம்தான்.

"வாருங்கள், இது என் வீடு."

"ஆர்ட ஊடு?" என்று கேட்டாள் ஹனா.

அக்ரம் றிஸ்னாவைப் பார்த்தான்.

"ஆம்புளைக்கு எங்கால ஊடு?" என்றாள் ஹனா. "இது என்ட ஊடு. என்ட உம்மா எனக்குக் கட்டித் தந்த. நீங்க கலியாணம் முடிச்சி இஞ்ச வந்த ஆள்."

அக்ரம் இதில் விவாதிக்க ஒன்றுமில்லை என்பதுபோலத் தலையாட்டினான். அவனுடைய வாப்பா அவனுடைய உம்மாவின் வீட்டுக்கு வந்தவர். அவனுடைய மூத்தப்பா மூத்தம்மாவின் வீட்டுக்கு வந்தவர். பெண்பிள்ளை பிறந்தால் வீட்டுக்கு அத்திவாரம் போடுகிற ஊர் இது, மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வருவார். பவிதரனின் வீட்டிலும் கதை அதுதான். றிஸ்னா நாளுக்கு நாள் கெஞ்சிப் பார்த்தாள், இனிப்புக் கொடுத்துப் பார்த்தாள். விளையாட்டுக்குத்தானே, பொய்க்குத்தானே என்றாள். பொய்க்கென்றாலும் வீட்டை அக்ரமுக்கு எழுதிக் கொடுக்க ஹனா சம்மதிக்கவில்லை.

றஸ்மி கைந்நூலை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இந்தப் பொத்தகத்தில ஆம்புளைக்கு ஊடு இரிக்கெண்டா, என்ட ஊடு எங்க இரிக்கெண்டு கேட்டுச் செல்லு. நானும் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாறன்."

றிஸ்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. விறாந்தையில் தொங்குகிற சின்னச் சின்னப் பைகளையும் தண்ணீர்ப் போத்தல்களையும் அவள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள்.

சொன்னபடி வெள்ளை வாகனம் வந்து வேப்பமரத்தின் கீழ் நின்றது. மீராமுகைதீன் இந்த முறை சப்பாத்தைக் கழற்றி வாகனத்துக்குள்ளேயே பூட்டிவிட்டு வெறுங்காலோடு வந்தார். கையில் பெரிய பித்தளைப் பூட்டு ஒன்றும் சீல் வைக்கிற துணியும் இருந்தன. பிள்ளையைக் கொண்டுவந்த றுமைஸா வேலைக்குப் போகாமல் மதிலோரம் நின்றாள். ஒழுங்கைப் பெண்கள், புரொஜெக்டைப் பங்கு போடுகிற நாள் இதுதான் என்று எண்ணியோ என்னவோ, ஒருவர் விடாமல் வந்து மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார்கள்.

"நான்காம் இலக்கம், குடும்ப விளையாட்டு. ஆரம்பிக்கலாம்" என்றார் மீராமுகைதீன்.

அக்ரம் கதிரை வீட்டின் வாசலுக்கு வந்தான். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான். "வாருங்கள்" என்றான். பிறகு ஹனாவைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். "இது... இவட ஊடு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பவிதரனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

மீராமுகைதீன் கைந்நூலைப் புரட்டினார். "வசனம் பிழை. வீடு தகப்பனுடையது. குடும்பத் தலைவன் தன் வீட்டுக்கு மனைவியை அழைத்து வருகிறான். இது விஞ்ஞான ரீதியாக நிறுவப்பட்ட விடயம்."

"அப்ப நீங்க ஆர்ட ஊட்டில இரிக்கீங்க?" என்று கேட்டாள் ஹனா.

மதிலுக்கு மேலே யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமலாக மாற்றினார்கள். சாய்ந்தமருதில் மீராமுகைதீன் இருப்பது அவருடைய மனைவியின் சீதன வீடு என்பது அந்த மதிலடியில் நின்ற எல்லோருக்கும் தெரியும். போன வருசம் சுவருக்குத் தன் விருப்பத்துக்கு நீல நிறம் அடித்துவிட்டு, மனைவியின் உம்மா சொன்னதால் இரண்டாம் நாளே திரும்பவும் வெள்ளை அடித்த கதையும் தெரியும்.

"தனிப்பட்ட விடயங்கள் ஆய்வுக்குள் வராது" என்றார் உதவிப் பணிப்பாளர். "இந்தப் பிள்ளைக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இதில் ஒரு சந்தேகம் இருக்கிறது. விளையாட்டு நடைபெறவில்லை என்று எழுதுங்கள் வினோஜா." பூட்டைத் திறந்தார். றிஸ்னா விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். றுமைஸா கண்ணை மூடினாள்.

ஹனா அவருடைய வெறுங்காலையும், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையையும், கையிலிருந்த துணியையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்னொரு தடவை அக்ரமைப் பார்த்தாள். அவன் இனி உதவமாட்டான் என்று முடிவெடுத்தவள்போல மீராமுகைதீனின் கையைப் பிடித்தாள்.

"அக்ரம் வேணா. நீங்க மாப்புளயா வாங்க."

"என்ன?"

"சேர், பிள்ள கூப்பிட்டிருக்கு" என்றாள் வினோஜா, கோவையிலிருந்து தலையை எடுக்காமல். "விதி ஏழு. அழைத்தால் போய்ச் சேர வேண்டும்."

மீராமுகைதீன் மதிலைப் பார்த்தார். அவ்வளவு கண்களுக்கு முன்னால் தன்னுடைய விதியைத் தானே மீற முடியுமா? அதோடு, உதவிப் பணிப்பாளர் பிள்ளைகளோடு விளையாடுகிற படம் ஒன்று தலைமை அலுவலகத்தின் ஆண்டு மலருக்குத் தேவையாகவும் இருந்தது. "படம் எடுங்கள்" என்றார். "சரி மகள், நான் குடும்பத் தலைவன். வீட்டுக்குள் போவோமா?"

"போகேலா. மாப்புள கூப்பிடாம ஊட்டுக்குள்ள வரப்படா. நீங்க கேட்டுக்கு வெளிய நில்லுங்க. சோறு காய்ச்சின பொறகு நாங்க வந்து கூட்டிட்டுப் போவம்."

அவர் போனார். வெளியே நின்றார். பவிதரன் கேட்டைச் சாத்தினான். உள்ளே கலியாண வீடு தொடங்கியது. மணல் குவியலில் அரிசி களைந்தார்கள், பேணிகளை அடுப்பில் ஏற்றினார்கள். சின்னப் பிள்ளை ஒன்று குரவை போட, மதிலுக்கு மேலே நின்ற பெண்களும் தங்களை மறந்து கூடச் சேர்ந்து குரவை போட்டார்கள். பிறகு உண்மையான சோற்று நேரம் வந்தது. பிள்ளைகள் கைகழுவிச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டதும் வழமைபோலப் பாயில் சரிந்து நித்திரையானார்கள். ஹனா நித்திரையாவதற்கு முன் றிஸ்னாவின் காதில், "சோறு வேகல்ல, ஒருத்தரும் மாப்புளயக் கூப்பிட்டுப்போடாதீங்க" என்று சொல்லி வைத்தாள்.

வேப்பமர நிழல் மதிலுக்கு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டிருந்தது. மீராமுகைதீன் கேட்டின் கம்பிகளுக்குள்ளால் முகத்தைக் காட்டினார்.

"முடிந்துவிட்டதா?"

றிஸ்னா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தூங்குகிற பிள்ளைகளைப் பார்த்தாள், அவருடைய கையிலிருந்த பூட்டைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு விசயம் முழுவதும் பிடிபட்டது.

"இல்ல சேர்" என்றாள் மெதுவாக. "விளையாட்டு நடந்துகொண்டிரிக்கி."

"எத்தனையாம் இலக்கம்?"

"நாலாம் இலக்கம்தான் சேர்" என்றாள் வினோஜா. "குடும்ப விளையாட்டு. மாப்பிள்ளை இன்னும் வந்து சேரல்ல, அவ்வளவுதான்."

அன்று பின்னேரம் அஸர் தொழுகை வரை நின்றுவிட்டு அவர் போனார். அடுத்த கிழமை வந்தார். மாப்பிள்ளையைக் கூப்பிட்டாயிற்றா என்று கேட்டார். இல்லை என்றார்கள். அதற்கடுத்த கிழமையும் வந்தார். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கையில், மாகாணத்திலேயே அதிக காலம் இடையறாது நடைபெற்றுவரும் அனுமதி பெற்ற விளையாட்டு என்று அந்த வீடு இடம்பிடித்தது. அவர்கள் பாராட்டி ஒரு சான்றிதழ் அனுப்பினார்கள். அதை உதவிப் பணிப்பாளர்தான் கையில் கொண்டுவந்து, கேட்டுக்கு வெளியே நின்று, கம்பிகளுக்குள்ளால் றிஸ்னாவிடம் நீட்ட வேண்டியிருந்தது. ஒழுங்கைக்காரர்கள் புரொஜெக்ட் பற்றிய சந்தேகம் தீர்ந்து, அரசாங்க ஆளையே கேட்டுக்கு வெளியே நிறுத்தி வைக்க அவளுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்ற பெரிய சந்தேகத்துக்குப் போனார்கள்.

போன திங்கட்கிழமையும் அவர் வந்தார். நல்ல வெயில். அடிக்கடி சட்டைப் பைக்குள் கையைவிட்டு, பூட்டு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார். நரைத்த தலையும் வியர்த்த கழுத்துமாக அவர் அப்படி நிற்பதைப் பார்த்து றிஸ்னாவுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. றுமைஸாவின் வாசலில் தான் நின்ற வெயில் அவளுக்கு ஞாபகம் வந்தது. மணல் குவியலில் இருந்த ஹனாவிடம் போய்க் குந்தினாள்.

"அவரு பாவம் மகள், மாப்புளயக் கூப்பிடுவமா?"

ஹனா எழுந்து கேட்டடிக்கு வந்தாள். கம்பிகளுக்குள்ளால் அவரை மேலும் கீழும் பார்த்தாள். சட்டைப் பையில் புடைத்துக்கொண்டிருந்த பூட்டையும் பார்த்தாள்.

"இவரு மெய்யாவே விளையாடத்தான் வந்தவரா சாச்சி?"

"வேற என்னத்துக்கு வந்திரிப்பாரு?"

"எனக்கு இதில ஒரு சந்தேகம் இரிக்கி" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் சோறு கிடக்கிறது என்று ஹனா உள்ளே போனாள்.